கண்ணாடிக்கு மெத்தை கட்டியவர்

மகராசி, இதில் உள்ளதெல்லாம் சத்தியம். என் வழுக்கைத் தலையில் அடித்தே சொல்கிறேன்.

போன தடவை வீடு மாறியபோது நான் பிடித்த ஆட்கள் உன் நிலைக்கண்ணாடியை உடைத்தார்கள். “இந்தக் கண்ணாடியும் போச்சுன்னா நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன், நீங்க பெட்டி படுக்கையோட தனியா இருங்க” என்று, அதற்குப் பதிலாக வாங்கிய புதுக் கண்ணாடியைக் காட்டி நேற்று சொன்னாய். அதனால், நீ வெளியே போயிருந்த நேரத்தில், சாமான் ஏற்றும் மூன்று கம்பெனிகளை வரவழைத்துச் சோதித்தேன்.

முதல் ஆள் பீரோவை ஒற்றைக் கையால் தூக்கினான். உள்ளே நான் உட்கார்ந்திருந்தேன். பாதி வழியில் தும்மினான், அவன் வேண்டாம். இரண்டாவது ஆள் பேசிய பேச்சில் சுவர்க் கடிகாரமே பத்து நிமிஷம் நின்று கேட்டது; அவனும் வேண்டாம்.

மூன்றாமவர் நிதானமான மனிதர். “கண்ணாடிதான் முக்கியம், பத்திரம்” என்றேன்.

“கவலைய விடுங்க ஐயா” என்றவர், என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஏழு சுற்றுத் துணி சுற்றி, மேலே மெத்தை வைத்துக் கயிற்றால் கட்டிவிட்டார். இரண்டு மணி நேரமாக அவிழ்க்கிறேன், முடிச்சு அசையவில்லை. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். மூக்குக் கண்ணாடிக்கே இவ்வளவு என்றால் நிலைக்கண்ணாடிக்கு எவ்வளவு! அவரையே பேசி முடித்துவிட்டேன். நாளைக் காலை ஏழு மணிக்கு வருகிறார்.

சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். கோபம் தீர்ந்திருந்தால் எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை. ஒரு சின்ன வேலையாக வெளியே போகிறேன்.

சொல்ல மறந்தது: அவரிடம் லாரி கிடையாது.