தாரிகாவுக்கு ஒரு வாளி சுடுதண்ணீர்

இஞ்சருங்கோ,

மகள் தாரிகாவையும் குழந்தையையும் கூட்டிவர ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். புட்டு மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மாத்திரையைப் போடுங்கள்.

பத்து மணிக்குக் கடைக்கார நிலாம் இரண்டு வகை ஹீட்டரும் கொண்டுவருவார். ஷவரோடு வருகிற சின்னது வேண்டாம். அதில் தண்ணீர் நூல் மாதிரித்தான் வரும். பிள்ளை பெற்ற உடம்புக்கு வாளி நிறையச் சுடுதண்ணீர் வார்க்க வேண்டும். தொட்டி வைத்த பெரியதைச் சுவரில் பூட்டச் சொல்லுங்கள். எங்கள் சின்னக் குளியலறைக்குப் பதினைந்து லீட்டர் காணும்; கதவுக்கு மேலே இடமிருக்கிறது.

நேற்று நீங்கள், "ரெண்டு நாள் நிக்க வாறவளுக்கு என்னத்துக்குப் பெரிசு?" என்று கேட்டபோது அவள் என்னோடு போனில் இருந்தாள்; அவளுக்குக் கேட்டுவிட்டது. "அம்மா, நான் அங்க வரேல்ல" என்று போனை வைத்துவிட்டாள். அவள் சொல்லாமல் கலியாணம் கட்டியது பிழைதான். அதற்காக நீங்கள் இரண்டு வருடம் கதைக்காமல் இருந்தது போதாதா?

அருந்ததி

சுவிட்சை வெளியே வைக்கச் சொல்லுங்கள், உள்ளே நனையும்.

பூட்டி முடிந்ததும் எனக்கு அல்ல, அவளுக்கு போன் எடுத்து, பெரியதுதான் பூட்டியிருக்கிறது என்று சொல்லுங்கள். அவள் பதில் சொல்லாவிட்டால் திரும்பவும் போன் எடுங்கள். நீங்கள் கதைக்கும் வரை நாங்கள் மூவரும் ஆஸ்பத்திரி வாசலில்தான் இருப்போம்.