மலையிலிருந்து இறங்கிய வேரியபிள்கள்

என் அக்காவைக் கட்டிய, என்னோடு மல்லுக்கட்டிய அன்புப் பாவாவுக்கு,

இன்று காலையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. பொதட்டூர்பேட்டைத் தறிக்காரருக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தீர்களே, லுங்கி டிசைன் புரோகிராம், அது பிழைத்துவிட்டது! பிழைக்க வைத்தது யார் என்று கேட்க மாட்டீர்களா?

போன மாதம் அவர் திருத்தணியில் நம் கம்ப்யூட்டர் கடைக்கே வந்துவிட்டார். நீங்கள் போன பிறகு நான் ஒருத்தியாகத்தான் கடையைப் பார்த்துக்கொள்கிறேன். அவர் கையில் பச்சைக் கட்டம் போட்ட ஒரு லுங்கி, அதற்குச் சிவப்புக் கரை. பச்சைக் கரைதான் வர வேண்டியது. புரோகிராம் தந்த தாளை நம்பித் தறிக்குப் பாவு நூல் ஓட்டி, பாவு முழுக்க வீண். இந்தப் புரோகிராமையே தூக்கிப் போட்டுவிட்டுச் சென்னையில் புதிதாக எழுதி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்.

அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பஸ்ஸில் யாராவது அந்த லுங்கி கட்டியிருந்தால், “அவரு போட்ட கட்டம்டி” என்று என்னை இடிப்பவள் அவள். உங்கள் கையால் செய்ததில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதானே? கொஞ்சம் பொறுங்கள், சரிசெய்து தருகிறேன் என்று தறிக்காரரிடம் கேட்டுக்கொண்டேன்.

புரோகிராமைத் திறந்து பார்த்தால் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நிறம், கரை, இழைக் கணக்கு என்று ஒவ்வொன்றையும் பிடித்து வைக்கும் வேரியபிள்களை எல்லாம், வழக்கம்போல, புரோகிராமின் உச்சியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அவற்றுக்கு வேலையோ எங்கோ கீழே. இதற்காக நாம் போடாத சண்டையா? எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் தேட வேண்டாம் என்பீர்கள். நான் சொன்னது நினைவிருக்கிறதா?

“சாமி பாக்க வந்தவங்க எல்லாம் மலை மேலயே குடியிருந்தா எப்படி பாவா? கும்பிட்டுகினு கீழ எறங்கணும். மேல முருகன் ஒருத்தர் இருந்தா போதும்.”

“ஆங், மாத்திடறேன்” என்றீர்கள். மாற்றவே இல்லை, பிடிவாதக்காரர்.

கோளாறு அங்கேதான் இருந்தது. முந்தைய டிசைனின் சிவப்பு உச்சியிலேயே தங்கிவிட்டது. அடுத்த டிசைனுக்குக் கரை நிறம் கொடுக்க விட்டுப்போனதும், பழைய சிவப்பே வந்து ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு வேரியபிளையும் அது வேலை செய்யும் இடத்துக்கே இறக்கினேன். இப்போது ஒவ்வொரு டிசைனுக்கும் கரை புதிதாகத் தொடங்குகிறது. நிறம் தராவிட்டால் நின்று கேட்கிறது. நாளை யார் திறந்தாலும் மேலும் கீழும் அலையாமல் படிக்கலாம்.

இன்று அக்காவையும் கூட்டிக்கொண்டு அவர் தறிக்கூடத்துக்குப் போனேன். பச்சைக் கட்டம், பச்சைக் கரை! தறிக்காரர் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதே இருக்கட்டும்மா, சென்னையெல்லாம் வேணாம்” என்றார். தறிச் சத்தத்தில் அக்கா அழுதது அவருக்குக் கேட்டிருக்காது. நீங்கள் உயிரோடு இருந்திருந்தால், நம் சண்டையில் தோல்வியை ஒத்துக்கொண்டிருப்பீர்களா?

ஒன்றை மட்டும் நான் இறக்கவில்லை. முதல் வரியில், எழுதியவர் என்று உங்கள் பெயர். அதை நானும் தொட மாட்டேன், யாரையும் தொட விடவும் மாட்டேன். மேலே நீங்கள் ஒருவர் இருந்தால் போதும், பாவா.

இன்னும் சண்டைக்குத் தயாராக,
உங்கள் மச்சினி