ஒற்றைப் புள்ளி இடது

அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் அந்துருண்டை வாசனைதான் முதலில் வந்தது. ஒலிபெருக்கிகளைப் பட்டுச்சேலை மாதிரி அந்துருண்டை போட்டு வைத்தவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய். "கரப்பான் உள்ள போயி முட்ட போட்டா யாருடி பாக்குறது?" என்பாய். உன் அண்ணன் இவற்றை என் வீட்டில் இறக்கிவிட்டுப் போன பிறகு இன்றுதான் திறக்கிறேன். திருச்சுழியில் ஒரு துணிக்கடைக்கு ஆட்டோ விளம்பரம் கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழ முடியாத அசதி.

பாளையம்பட்டியில் உன் அப்பாவின் பாத்திரக் கடைக்கு மேலே நம் அறை. விளம்பரங்களை நீ பேசுவாய், நான் பதிவு செய்வேன். கீழே யாராவது குடத்தைத் தட்டிப் பார்த்தால் உன் குரலுக்கு நடுவே ணங்கென்று விழும். "யப்பா, குடத்த நாளைக்கு விப்போமா?" என்று படியில் நின்று கத்துவாய். "ஒங்க ரேடியோவ நாளைக்கு வச்சுக்கங்களேன்" என்று அவரும் விடமாட்டார்.

கருவிகளை முதன்முதலாக இணைத்த நாள் ஞாபகம் இருக்கிறதா? பாட்டைப் போட்டால் நடுநடுவே டிக் என்றொரு சத்தம். பல்லி என்றேன், கரண்ட் என்றேன், ஏமாந்துவிட்டோம் என்று அழப்போனேன். "முன்னால நின்னு பொலம்பாதடி. பின்னால போயிப் பாரு" என்று நீ மேசைக்குப் பின்னால் தவழ்ந்து போனாய். மைக்கிலிருந்து குரலை வாங்கும் கருவிக்கு உள்ளே ஒரு கடிகாரம். ஒலிபெருக்கிகளுக்கு அனுப்பும் கருவிக்குள் இன்னொரு கடிகாரம். இரண்டும் தத்தம் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருந்தன. "ஏடி, ரெண்டும் நாட்டாமை பண்ணுது. ஒண்ணு சொல்லணும், ஒண்ணு கேக்கணும். நீயும் ஒன் மாமியாரும் மாதிரி." இரண்டாவதை முதலாவதின் கடிகாரத்துக்கு மாற்றினாய். மினுக்கிக்கொண்டிருந்த விளக்கு நிலையாக எரிந்தது. டிக் போயே போய்விட்டது.

ஒலிபெருக்கிப் பெட்டிகளின் முதுகில் நகப்பூச்சால் புள்ளி வைத்ததும் அன்றுதான். ஒரே வயரில் இரண்டு பக்கச் சத்தமும் போகும். எந்தப் பெட்டி எந்தப் பக்கத்தை எடுக்க வேண்டும் என்பதை அதன் முதுகிலுள்ள சின்ன சுவிட்சுதான் சொல்லும். ஒற்றைப் புள்ளி இடது, இரட்டைப் புள்ளி வலது. சரிபார்க்க உன் குரலிலேயே ஒரு பதிவு செய்துவைத்தாய்.

அதன் பிறகு காய்ச்சல் என்று மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனவள் பேச்சில்லாமல் திரும்பி வந்தாய். "மாசமா இருக்கவ துட்டி வீட்டுக்குப் போகக்கூடாது" என்று வீட்டில் என்னை வாசல் தாண்ட விடவில்லை. உன்னை எடுத்துப் போகுமுன் உன் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

மகளுக்கு இப்போது ஒன்பது மாதம். கூப்பிட்டால் திரும்புகிறாள், சில நேரம் வேறு பக்கமாக. ஒரு காது மந்தமாக இருந்தாலும் இப்படித் திசை தெரியாமல் திரும்பும், எதற்கும் சோதித்துவிடலாம் என்றார் டாக்டர். அடுத்த வாரம் மதுரைக்குப் போக வேண்டும். "அவ அப்பன் மட்டும் கூப்பிட்ட ஒடனே திரும்புனானாக்கும்? இன்னைக்கும் திரும்ப மாட்டான்" என்கிறார் அத்தை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்கக் கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டே அவளைச் சுற்றி வருகிறேன்.

இன்றும் அப்படித்தான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் ஒரு பெட்டி, பீரோப் பக்கம் ஒரு பெட்டி என்று நிறுத்தினேன். கடிகாரத்தை மறக்காமல் மாற்றினேன். விளக்கு நிலையாக எரிந்தது. பிறகுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. பெட்டிகளைப் பார்க்க அவளைப் பாயில் உட்கார வைத்து, அவள் முகத்தைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்து, உன் பதிவைப் போட்டேன்.

"இது இடது. கேக்குதாடி?"

இத்தனை மாதத்துக்குப் பிறகு என் முதுகுக்குப் பின்னால் நீ. எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை. இடது என்றால் ஜன்னல். அவளோ பீரோவைப் பார்த்தாள்.

"இது வலது. இப்ப கேக்குதா?"

ஜன்னலைப் பார்த்தாள்.

அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். மறுபடி போட்டேன். மறுபடியும் அப்படியே. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, "ஏத்தா, பெட்டி ரிப்பேருன்னா கடையில குடு. இதுக்குப் போயி அழுவாகளா?" என்றார். நான் அழுதது பிள்ளைக்காக. ஆனால் ரிப்பேர் என்ற சொல் காதில் விழுந்ததும் பழக்கம் முந்திக்கொண்டது. எழுந்து பின்னால் போய்ப் பார்த்தேன்.

ஜன்னல் பக்கப் பெட்டியின் முதுகில் இரட்டைப் புள்ளி.

மாற்றி நிறுத்தியது நான். பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, இந்த முறை அவளை மடியில் வைத்துக்கொண்டு, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்து கேட்டேன். இடது என்று நீ சொன்னது பீரோப் பக்கமிருந்துதான் வந்தது. நான் உன் சொல்லை மட்டும் கேட்டிருக்கிறேன், அது வந்த பக்கத்தைக் கேட்கவில்லை.

மதுரைக்கு எப்படியும் போவேன். டாக்டர் வாயால் கேட்கும்வரை எனக்கு உறக்கம் வராது, அது உனக்கே தெரியும். பெட்டிகளை இடம் மாற்றிவிட்டேன். விளம்பரத்தை நாளைக்கு நானே பேசிப் பதிவு செய்ய வேண்டும். உன் மாதிரி வராது. வந்தவரைக்கும் போதும். எதையாவது பார்த்துப் பயந்தால் முதலில் பின்னால் போய்ப் பார்ப்பது என்ற பழக்கம் மட்டும் உன்னிடமிருந்து என்னோடு ஒட்டிக்கொண்டது, இன்று கொஞ்சம் தாமதமாக வந்தாலும்.

அவளுக்கு நீ யாரென்று தெரியாது. ஆனாலும் இன்று நீ இல்லாத பக்கம் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.