காலடித் தடம்

ரெக்ஸ்டேல்
14 ஜனவரி 2025

அன்புள்ள றெஜினாவுக்கு,

எங்கள் பிளாஸ்டிக் தொழிற்சாலையின் வரலாற்றில் நேற்று ஒரு திருப்பம் நிகழ்ந்தது. நிர்வாகக் குழு நெடுநேரம் ஆலோசித்து, தேநீர் கலக்கும் குச்சிகளை ஒழித்துவிட்டது. சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

இனி சுற்றுச்சூழல் புள்ளிகளைப் பார்த்தே வேலையை நிரந்தரமாக்குவார்களாம். மனிதவள அதிகாரி செரீனா, இந்த நாட்டில் பிறந்த தமிழ்ப் பிள்ளைதான், அறிவித்தார். பிக்கரிங் வீட்டிலிருந்து காரில் வந்தால் எனக்குப் புள்ளியில்லை. அதனால்தான் கம்பனி தந்த இந்த பேஸ்மென்ட் அறை. நிரந்தரமானதும் வீட்டுக்கு வந்துவிடுவேன். தொலைபேசியும் கணக்கில் வருமாம், ஆகவே கடிதம்.

அறிவித்தலைத் தமிழாக்கும் பொறுப்பு எனக்கு. ‘கார்பன் காலடித் தடம்’ என்று முழுதாக எழுதப் பலகையில் இடமில்லை, முதற்சொல்லை விட்டுவிட்டேன். ‘ஒவ்வொருவரும் தமது காலடித் தடத்தைக் குறைக்க வேண்டும்’ என்று தொங்குகிறது. எங்கள் ஆட்கள் நுனிக்காலில் நடக்கிறார்கள்.

அன்புடன்,
நீக்கிலாஸ்

பிக்கரிங்
2 பெப்ரவரி

என்ர நீக்கிலாஸுக்கு,

குச்சிக்குக் கைதட்டினதை வாசிச்சுச் சிரிச்சன். ஆனா அந்தப் பலகையைத் திருத்துங்கோ, ஆரும் விழுந்து கால் முறிக்கப்போகினம். ஹீற்றர் போடுறனீங்களோ? புள்ளிக்காகக் குளிருக்க கிடக்காதேங்கோ. ஞாயிறு சேர்ச்சில பூசைக்காவது வாங்கோ.

உங்கட றெஜினா

ரெக்ஸ்டேல்
20 பெப்ரவரி

அன்புள்ள றெஜினாவுக்கு,

பலகையைத் திருத்தச் செரீனா விடவில்லை. “அங்கிள், இட்ஸ் வேர்க்கிங். தமிழ் ஆக்களின்ர ஸ்கோர்தான் பெஸ்ட்” என்றார். எழுதியவனே பின்தங்கக் கூடாதென்று நானும் நுனிக்காலில் நடக்கப் பழகினேன். நன்றாக வருகிறது. ஆள் நுழைந்தால் எரியும் விளக்குகள் எனக்கு எரிவதில்லை. தானியங்கிக் கதவு திறப்பதில்லை. வேறு யாரும் வரும்வரை காத்திருந்து கூடவே நுழைகிறேன். இன்று மதியம் கூட வேலைசெய்யும் சிவபாதம் அண்ணை என் கதிரையில் வந்து உட்கார்ந்தார். நான் எழும்பியிருக்கவில்லை. “உந்தக் கதிரை என்ன இப்பிடிக் குளிருது” என்றார்.

செரீனா கணினியில் என் தடத்தின் அளவைப் பார்த்து, “அங்கிள், யூ ஆர் ஆல்மோஸ்ட் சீரோ” என்றார். இன்னும் கொஞ்சம்தான். ஞாயிறு பூசைக்கு வருகிறேன்.

நீக்கிலாஸ்

பிக்கரிங்
26 பெப்ரவரி

என்ர நீக்கிலாஸுக்கு,

நீங்கள் வந்தனீங்கள் எண்டுதான் நினைக்கிறன். கோயில் நிறைஞ்ச சனம், ஆனா எனக்குப் பக்கத்து இடத்தில ஒருத்தரும் இருக்கேல்லை. பூசையில ஆளுக்காள் கைகுடுத்துச் சமாதானம் சொல்லேக்க அந்தப் பக்கம் கை நீட்டினன். கை விறைச்சுப் போச்சு. வீட்டை வாங்கோ எண்டன். கேட்டதோ தெரியாது.

நேற்றுச் செரீனா போன் எடுத்தவா. “அன்ரி, அங்கிள் சீரோவுக்கு வந்திட்டார். எங்கட கம்பனியில ஃபெர்ஸ்ட் பேர்சன்” எண்டு சந்தோசமாச் சொன்னவா. வேலை நிரந்தரமாம். கையெழுத்து வைக்க ஆளைக் காணேல்லையாம், அதால இடம் காலியாம். அந்த இடத்துக்கு வாறீங்களோ எண்டு என்னைக் கேட்டவா.

திங்கட்கிழமை தொடங்கிறன், உங்கட பேஸ்மென்ட் அறையிலதான் இருப்பன். வீட்டைப் பூட்டித் திறப்பை முன்வீட்டு ஜெயமலரிட்டக் குடுத்திட்டன்.

றெஜினா