மூன்றாவது கோப்பைக்கு முன் எழுந்தவருக்கு

அண்ணை,

மேரியக்கா உங்கள் வீட்டு நிலவறையை ஒதுக்கிக்கொண்டிருக்கிறா. "என்ரை மனுசன்ரை இந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய் எங்கையாவது போடு தம்பி, எனக்குப் பார்க்க ஏலாது" என்று நேற்று என்னைக் கூப்பிட்டா. பெட்டியின் மேலேயே கிடந்தது, டோர்ட்மண்ட் பழஞ்சந்தையில் நீங்கள் வாங்கிய அந்தத் தடித்த ஜெர்மன் புத்தகம். அட்டையில் எத்தியோப்பியாவின் பழைய அக்சூம் நகரத்துக் கல்தூண். விரித்தால் தாள்களுக்கிடையிலிருந்து கோதுமை மா உதிர்ந்தது. நாங்கள் இரண்டு பேரும் வேலை செய்த பாண் தொழிற்சாலையின் மா.

மன்னாரில் சரித்திரம் படிப்பித்த மனிதர் நீங்கள், இங்கே பாண் தட்டு இழுத்தீர்கள். அதற்காக வாய் சும்மா இருந்ததா? தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கிற சனத்தை மடக்கிப் பிடித்து வைத்துக்கொண்டு ஆபிரிக்காவைப் பற்றிச் சொல்லுவீர்கள். "சூடானில, மெரோவேயில இரும்பு உருக்கின கசடு இண்டைக்கும் குன்று குன்றாக் கிடக்கு. அங்கை பொம்பிளையள் அரசாண்டு ரோமாபுரியோடை சண்டை பிடிச்சவை." அடுத்தது அக்சூம். "அந்த ராசா தங்கக் காசு அடிச்சு அதில சிலுவையும் போட்டவன். எங்களுக்குப் போர்த்துக்கேயன் வந்தெல்லோ சிலுவையைக் காட்டினவன்!" கடைசியில் செங்கடல் ஓரத்து அடூலிஸ் துறைமுகத்துக்கு வராமல் நீங்கள் கோப்பையைக் கீழே வைத்ததில்லை. அங்கே தந்தம் ஏற்றின கப்பல் எங்கள் மாந்தைக்கும் வந்திருக்கும் என்று சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுக்கும். "மாஸ்டர் கப்பலேறிட்டார்" என்று சனம் மெல்ல நழுவும். நான்தான் இருப்பேன்.

தொழிற்சாலையில் எங்களோடு ஒரு கானா நாட்டுக்காரர் வேலை செய்தாரே, நினைவிருக்கிறதா? மேற்பார்வையாளன் ஒருநாள் சாப்பாட்டு நேரம் அவரைப் பார்த்து, "உங்கள் ஊரில் இன்னும் மரத்திலா குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டுச் சிரித்தான். இங்கே இனவெறியர் அகதிகளின் வீடுகளுக்கு நெருப்பு வைத்த காலம் அது. வேலை முடிந்தால் நாங்கள் தனியே வீடு போவதில்லை. எல்லாரும் குனிந்து சாப்பிட்டோம். நீங்கள் மட்டும் எழும்பி, உடைந்த ஜெர்மனில், "உங்கள் ஆட்கள் காட்டுக்குள் பன்றி மேய்த்த காலத்தில் ஆபிரிக்கர்கள் தங்கத்தில் காசு அடித்தவர்கள்" என்றீர்கள். அடுத்த கிழமை உங்களைச் சூளைப் பக்கம் மாற்றினான். கையெல்லாம் கொப்புளம். மருந்து பூசிவிட்டபோது எனக்கு உங்களை நினைத்து அவ்வளவு பெருமை, அண்ணை. அந்தப் பெருமைதான் என் கண்ணைக் கட்டிவிட்டது.

உங்கள் ஒரே மகள் ரெஜினா தாதிப் பயிற்சிக்குப் போன இடத்தில் தாவித்தை விரும்பினாள். எரித்திரியாப் பெடியன். எங்களைப்போலக் கிறிஸ்து வேதக்காரன். சொன்னால் நம்பமாட்டார்கள், அடூலிஸ் இடிந்து கிடக்கிற இடத்துக்குப் பக்கத்து ஊர். மாஸ்டர் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிக்கப் போகிறார் என்று நான் நினைத்தேன். மடையன்.

சம்மதம் கேட்க முன்னம் கோப்பி குடிக்க வாருங்கள் என்று தாவித்தின் தாய் அழைத்தா. நீங்களும் மேரியக்காவும் துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். டிராமில் எனக்குப் பாடம் நடத்தினீர்கள். "மூண்டு தரம் ஊத்துவினம். மூண்டாவதுதான் ஆசீர்வாதம். அதுக்கு முன்னம் எழும்பினால் அந்த வீட்டின்ரை முகத்தில துப்பின மாதிரி." நான் ஏதும் பிழை விட்டுவிடக் கூடாதென்று சொல்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த அம்மா வெள்ளைப் போர்வையோடு தாழ்ந்த முக்காலியில் இருந்து கொட்டையை வறுத்தா. வறுத்த சட்டியை ஒவ்வொருவர் முகத்துக்கும் கிட்டக் கொண்டுவந்து புகையை முகரக் கொடுத்தா. மூலையில் சாம்பிராணி. மேரியக்காவின் முகம்கூட இளகிவிட்டது. முதல் கோப்பை குடித்தோம். இரண்டாவதும் குடித்தோம். "உங்கள் ஊரும் கடற்கரையா?" என்று அவ கேட்க, தாவித் ஜெர்மனில் மாற்றிச் சொன்னான். நீங்கள் தலையாட்டினீர்கள். அவ மூன்றாவது தரத்துக்கு மண்கூசாவில் தண்ணீர் ஊற்றினா. நீங்கள் எழும்பி மேலங்கியைப் போட்டீர்கள்.

"அப்பா, இருங்கோ. இன்னும் ஒண்டு இருக்கு."

"எனக்குத் தெரியும், பிள்ளை."

பொத்தான்களை மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகப் பூட்டினீர்கள். அந்த அம்மா கூசாவைக் கையில் பிடித்தபடியே இருந்தா. தாவித் சுவரைப் பார்த்தான்.

படியிறங்கும்போது கேட்டேன், "அண்ணை, தெரிஞ்சுமோ?"

"தெரிஞ்சபடியால்தான். சரித்திரம் வேறை, சம்பந்தம் வேறை. நாளைக்கு எங்கடை சனத்தின்ரை முகத்தில நான் முழிக்க வேண்டாமோ?"

படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன்கோயில். ஒன்றும் அறியாத தகப்பன் என்றால் கத்தியிருப்பான், கதவை அடித்துச் சாத்தியிருப்பான். கோபத்தில் செய்தான் என்று அவர்களும் ஒருநாள் மன்னித்திருப்பார்கள். நீங்கள் அவர்களைப் படித்து, எங்கே வெட்டினால் ஆறாது என்று கண்டுபிடித்து, அங்கேயே வெட்டினீர்கள். அந்த மேற்பார்வையாளனுக்கு அவ்வளவு கெட்டித்தனம் கிடையாது.

அவர்கள் பதிவுத் திருமணம் செய்தார்கள். பிள்ளை பிறந்ததும் ரெஜினா தூக்கிக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தாள். யேசு பிறந்த நத்தார் நாளிலும் வந்தாள். இரண்டு தரமும் நீங்கள் கதவைத் திறக்கவில்லை. தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினீர்கள். மேரியக்கா குசினிக்குள் நின்று அழுதா.

பிறகு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். டாக்டர் கையை விரித்த அன்று என் மணிக்கட்டைப் பிடித்து, "ரெஜினாவை வரச் சொல்லு. அவனும் வரட்டும். பேரனை ஒருக்காப் பார்க்கவேணும்" என்றீர்கள். நான் வெளியே போய்த் தொலைபேசியில் அவளோடு கதைத்தேன். திரும்பி வந்து, "வாறாளாம், ரயில் பிந்துதாம்" என்றேன்.

சவரம் செய்துவிடச் சொன்னீர்கள். பேரனுக்கு முள்ளுக் குத்துமாம். நான் சவரம் செய்துவிட்டேன். மழுமழுவென்ற முகத்தோடு கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். பார்த்தபடியே போய்விட்டீர்கள். கண்ணை மூடிவிட்டதும் நான்தான்.

அந்தப் பொய்க்காக எனக்கு வெட்கமில்லை, அண்ணை. உங்களில் எனக்கு அன்பு இருந்தது, இப்போதும் இருக்கிறது, அதுதான் கரைச்சல். ஆனால் ரெஜினா அன்று சொன்னதை இன்றுவரை நான் மட்டுமே சுமக்கிறேன். மேரியக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அது உங்களுக்குச் சொல்லி அனுப்பியது. பிடியுங்கள்.

அவள் அழவில்லை. கத்தவும் இல்லை. "மாமா, நான் ரெண்டு தரம் வந்திட்டன். மூண்டாவதுக்கு வரமாட்டன் எண்டு சொல்லுங்கோ. அப்பாவுக்கு விளங்கும்" என்றாள்.