எவ்வளவு ஆட்டம் பரவாயில்லை

காக்கா, இன்று அசர் தொழுதுவிட்டுப் பின்கதவுக் கொண்டிக்காக ஓர் இரும்புப் பட்டியில் துளை போட்டேன். உங்கள் ட்ரில் மெசினில்தான். பிட் சுற்றத் தொடங்கியதும் வழமைபோலத் தள்ளாடியது. துளையில் சொட்டுவிட்ட மண்ணெண்ணெய் சூடாகி மணத்தபோது, நீங்கள் பின்னால் நிற்பதாக நினைத்துத் திரும்பியே விட்டேன்.

உம்மாவின் வீடு உங்கள் தங்கை எனக்குச் சீதனமாக வந்தது. நீங்கள் கலியாணம் முடித்து கல்முனையில் மதினி வீட்டுக்குப் போனீர்கள். மெசின் மட்டும் போகவில்லை. எண்ணெய்க் கறைக்கு மதினி இடம் கொடுப்பாரா? கந்தோர் வேலை விட்டதும் சாய்ந்தமருதில் இந்த வீட்டுக்குச் சைக்கிளில் வந்து இறங்குவீர்கள். ஒரே வராந்தாவில் என் தையல் மெசினும் உங்கள் மெசினும் போட்டி போட்டு இரையும்.

பழைய சாமான் கடையில் வாங்கிய மெசின் அது. பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சக் தேய்ந்திருந்தது. நுண்ணளவு பார்க்கிற டயல் கேஜை வைத்துச் சுற்றினால் கால் மில்லிமீற்றர் ஆட்டம் காட்டும். புதுச் சக் வாங்குங்களேன் என்பேன். எவ்வளவு ஆட்டம் பரவாயில்லை என்று முதலில் சொல்லு என்பீர்கள். எனக்கென்ன தெரியும்?

“ஓட்டை என்னத்துக்கெண்டு பாக்கணும் புள்ள. கொண்டிக்கெண்டா இது காணும், போதும்.”

ஆனால் நீங்கள் ஆசைப்பட்டது கொண்டிக்கல்ல. தேத்தண்ணிக் கோப்பையின் சூட்டிலேயே ஓடுகிற ஒரு குட்டி எஞ்சினுக்கு. அதன் அலுமினியச் சக்கரத்தை நோன்பு மாதம் முழுவதும் அரத்தால் அராவினீர்கள். நடுத்துளை கொஞ்சம் விலகினாலும் சக்கரம் நொண்டும். இன்னொன்று அராவ உங்களால் முடியாது என்பது நம் இரண்டு பேருக்கும் தெரியும். அதற்குள் உங்கள் வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. நரம்பு வருத்தம், மருந்துக்கு மாறாது என்று டாக்குத்தர் சொல்லியிருந்தார். வீட்டில் அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

நீங்கள்தான் ஒருநாள் கேஜின் முனையில் விரலை வைத்துப் பார்த்தீர்கள். டயலின் ஊசி அங்குமிங்கும் பாய்ந்தது.

“அந்தச் சக்கைக் குறை சொல்லாத. அதவிட நான்தான் கூட ஆடுறன்.”

சிரித்தீர்கள். நான் நூல் கோர்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

சக்கரத்தில் துளை போட்ட அன்று அதன் நடுவில் பொட்டளவு குழி தட்டும் வேலையை எனக்குத் தந்தீர்கள். ஊசி பழகிய கை என்றீர்கள். பிறகு மெசினின் பிடியைப் பிடித்தீர்கள். கொஞ்சம் முன்னர்தான் தேத்தண்ணியைச் சட்டையில் கொட்டிய அதே கை. பிடியைத் தொட்டதும் அது அசையாமல் நின்றது. பிட் ஆடி ஆடி இறங்கியது. குழியைத் தொட்டது. அதன் ஆட்டமும் நின்றது, சுற்றியது மட்டும்தான். சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். என் கண் முன்னே இப்படியொன்று இன்றுவரை வேறு நடந்ததில்லை.

பிட் மெல்லியது, குழி இருந்தால் வளைந்து தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று பிறகு விளக்கினீர்கள். துளையும் இந்தச் சக்கில் கொஞ்சம் பெரிதாகத்தான் விழும் என்று, ஓர் அளவு சின்னப் பிட்டையே போட்டிருந்தீர்கள். சரி, கை எப்படி நின்றது என்று கேட்டேன்.

“தெரியா புள்ள. வேலை குடுத்தா நிக்குது.”

எஞ்சினைப் பூட்டி முடித்து, பால் விடாத என் பிளேன்டிக் கோப்பையின் மேல் வைத்து விரலால் ஒரு சுண்டு சுண்டினீர்கள். சக்கரம் நொண்டவில்லை. கரண்டுமில்லை, எண்ணெயுமில்லை, வெறும் ஆவியின் சூட்டில் சத்தமில்லாமல் சுற்றியது. பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் குடிக்கக் கோப்பைக்குக் கை நீட்டியதும் தடுத்தீர்கள்.

“குடிச்சிராத. ஓடுது.”

நீங்கள் மௌத்தாகி, அடக்கம் முடிந்து ஒரு மாரிகாலம் போய்விட்டது. உங்கள் கடைசிக் காலத்தில் பிடியைப் பிடித்தும் கை நிற்கவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

கொண்டி பூட்டியாகிவிட்டது, அதற்கு அந்தச் சக் காணும். இப்போது தையலை ஒதுக்கிவிட்டுப் பிளேன்டி ஊற்றி, எஞ்சினை மேலே வைத்திருக்கிறேன். பின்னேரமானால் இதுதான் என் வேலை. சக்கரம் தானாக நிற்கும்வரை கோப்பையைத் தொட மனம் வருவதில்லை.

சூடாகத் தேத்தண்ணி குடித்து நாளாகிறது, காக்கா.