சொல்லாமல் விட்ட சிரிப்பு

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாவது நாளாகக் காற்று. ஜன்னல் விளிம்பில் ஈரத்துணி செருகியும் மணல் உள்ளே வந்து ரொட்டி மாவில் கலந்துவிடுகிறது. பல்லில் நறநறவென்று கடிபட்டது. எமரி இரண்டு துண்டு தின்றுவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அவருக்குத் தெரியவில்லையா, என் மனம் நோகக்கூடாது என்பதற்காகவா? முன்பெல்லாம் எனக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

வெர்லீன் ஏழு மணிக்குக் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் பள்ளிச் சமையலறை வேலைக்குப் போனாள். ஷெய்னாவுக்கு நேற்றோடு மூன்று மாதம். தொட்டில் பலகையில் கட்டி நிறுத்தினால் பிரசங்கம் கேட்கிறவள் போல முகத்தை வைத்துக்கொள்கிறாள்.

சாயங்காலம் வந்ததும் வெர்லீன் கதவைக்கூடச் சாத்தவில்லை. "சிரிச்சாளா?"

"இல்லடி."

"நல்லவேளை. எங்க அண்ணன் முந்திக்கட்டும்."

எமரி போதகராக இந்தப் பழங்குடி ஊருக்கு வந்த ஒன்பது வருடத்தில் பதினோரு முதல்சிரிப்பு விருந்து சாப்பிட்டிருக்கிறோம். ஒன்றுகூட நாங்கள் வைத்ததில்லை. புன்னகை கணக்கில்லை, சத்தம் வரவேண்டும். யாரால் அந்தச் சத்தம் வந்ததோ அவர் ஆடு வெட்டி ஊரைக் கூப்பிட வேண்டும். குழந்தையின் கையில் கல்லுப்பை வைத்து, வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கையாலேயே கொடுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கஞ்சக் கையாகிவிடும். சிரிக்க வைத்தவரின் குணமும் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும்.

அண்ணன் டெல்பர்ட் ஆறு வருடம் பீனிக்ஸில் கூரை வேலை பார்த்தவன். அவர்கள் அம்மா இறந்தபோதும் வரவில்லை. அதைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. ஜனவரியில் ஒரு பையோடு வந்து நின்றான். இன்னும் பையைப் பிரிக்கவில்லை என்கிறாள் வெர்லீன். "இவ அவனால சிரிச்சான்னு வைங்க. தன்ன மாதிரியே ஒண்ணு இங்க வளருதுன்னா எப்படிம்மா விட்டுட்டுப் போவான்?"

மார்ச் 6, வெள்ளி

தபால் நிலையத்தில் எலோயிஸ். வெர்லீனுக்குச் சித்தி. குழந்தையைப் பார்த்ததும் இரண்டு கையாலும் தன் முகத்தை மூடிக்கொண்டாள். "கிட்ட கொண்டு வராதீங்க. என் மூஞ்சியப் பாத்தா எல்லாக் குழந்தையும் சிரிச்சிடும். எங்கிட்ட மிச்சம் நாலு ஆடுதான் இருக்கு."

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஷெய்னா மட்டும் சிரிக்கவில்லை.

டென்வரில் இருக்கும் சபைத் தலைமையகத்துக்கு மாத அறிக்கை அனுப்பினேன். எமரி எழுதுவது போல நான் எழுதுவது. அவருடைய வாக்கிய நடை இப்போது எனக்குத்தான் நன்றாக வருகிறது.

மார்ச் 10, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நடக்காதது போல ஆகிவிடும்.

காலையில் எமரி சாவியைத் தேடினார். சாவி கையில் இருந்தது. நான் சொன்னேன். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஒரு விரல் மேலே. வாய் பாதி திறந்திருந்தது. "ஹல்டா, அந்த... அந்த..." பால் என்றேன். இல்லை. வெண்ணெய்? இல்லை. முட்டை, ஜாம், ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியில் கதவைச் சாத்திவிட்டு, ஒன்றும் வேண்டாம் என்று கொட்டகைக்குப் போய்விட்டார்.

எனக்குள் என்னவோ புளித்துப்போயிருந்தது. குழந்தையின் பக்கம் திரும்பினேன். விரலைத் தூக்கினேன். வாயைப் பாதி திறந்தேன். அவர் குரலில், "அந்த... அந்த..."

ஷெய்னா சிரித்தாள்.

சந்தேகமே இல்லை, வயிற்றிலிருந்து வந்த சத்தம். வந்ததும் அவளே பயந்துபோய்க் கண்ணை அகல விரித்தாள். அதைப் பார்த்து நானும் சிரித்தேன். மறுபடி செய்தேன். மறுபடி சிரித்தாள்.

மூன்று தடவை செய்தேன்.

ஐந்து மணிக்கு வெர்லீன், "சிரிச்சாளா?"

"இல்ல."

எவ்வளவு சுலபமாக வந்தது.

மார்ச் 11, புதன்

விருந்தில் எல்லாரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. என்ன செய்து சிரிக்க வைத்தீர்கள்?

மார்ச் 15, ஞாயிறு

எமரி பிரசங்கம். நான் வழக்கம்போல முன்பெஞ்சு. அவர் நின்றுபோகும் இடத்தில் என் உதடு அசையும். அதைப் பார்த்துத் தொடர்வார். இன்று நாலு இடம். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

டென்வரில் தெரிந்தால் எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எங்கே திரும்புவது? நெப்ராஸ்கா வீட்டை விற்றாகிவிட்டது. இது அவருக்காக என்று சொல்லிக்கொள்கிறேன். போக விருப்பமில்லாதவள் நான்தான்.

மார்ச் 17, செவ்வாய்

ஒரு வாரமாகக் குழந்தையின் முன்னால் முகத்தை மரக்கட்டை போல வைத்துக்கொண்டிருக்கிறேன். பேசுவதில்லை, பாடுவதில்லை. இங்கே சிரித்துப் பழகினால் அங்கே போய் அவள் சிரிப்பு பழைய சிரிப்பாகத் தெரிந்துவிடும். பால் குடிக்கும்போது என் முகத்தையே பார்க்கிறாள். நெற்றி, வாய், மறுபடி நெற்றி. எதையோ வைத்த இடத்தில் தேடுகிறவள் மாதிரி.

ஒரு பொய்க்குக் காவலாக ஒரு கைக்குழந்தையைச் சிரிப்புக்குப் பட்டினி போடுகிறேன். பெரிய வார்த்தையா? இல்லை.

மார்ச் 20, வெள்ளி

எமரி தண்ணீர் பிடித்து வரக் காற்றாலைத் தொட்டிக்குப் போனார். அரைமணி வேலை. மதியம் தாண்டியும் வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதையில் நின்றேன். கண்ணில் மணல், என்ன செய்யறதுன்னே தெரியல, யாரைக் கூப்பிடறது—

இரண்டு மணிக்கு எங்கள் வண்டி வந்தது. ஓட்டியது டெல்பர்ட். எமரி பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தொட்டிகிட்டதான் இருந்தாரு பெரியம்மா," என்றான். "உங்களுக்காகக் காத்துக்கிட்டிருக்கேன்னு சொன்னாரு. சரி, நானும் கொஞ்சம் காத்திருந்தேன். அப்புறம், நாமளே போய்ப் பாத்துடலாமான்னு கேட்டேன்."

இவ்வளவுதான். வேறு கேள்வி இல்லை. பீப்பாய்களை இறக்கி வைத்துவிட்டு நடந்தே போனான். காலிப் பீப்பாய்கள்.

சாவி இனி என் ஏப்ரன் பையில்.

மார்ச் 24, செவ்வாய்

வெர்லீன் ஓடி வந்தாள், தலைமுடி அவிழ்ந்து. "சிரிச்சிட்டாம்மா. அண்ணன் ஆடு மாதிரி கத்தினான். பத்து நாளா கத்திட்டுதான் இருந்தான், இன்னிக்கு என்னமோ கெக்கேன்னு சிரிச்சிட்டா. எங்க ஆடுகூடத் திரும்பிப் பாத்துச்சு."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். கட்டிக்கொண்டால் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

குழந்தையின் அப்பா ஹெர்ஷல் ரயில்பாதை வேலையிலிருந்து வரவேண்டும். விருந்து ஏப்ரல் 4, சனிக்கிழமை.

மார்ச் 25, புதன்

டெல்பர்ட் பையைப் பிரித்துவிட்டானாம்.

மார்ச் 30, திங்கள்

கூரையில் காற்று பிய்த்த தகரத்தை அடித்துக் கொடுக்க டெல்பர்ட் வந்தான். நான் கூப்பிடவில்லை. வேலை முடித்துக் காப்பி குடித்தான். மூன்று மாதத்தில் பேசாததை எல்லாம் இன்று பேசினான். ஆட்டைப் பார்த்து வைத்துவிட்டானாம். உருளைக்கிழங்கு சாலட் நான் செய்ய வேண்டுமாம், ஆனால் வெள்ளைக்காரர் விருந்து மாதிரி இனிப்பு போடக்கூடாதாம்.

பிறகு குழந்தையின் காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, "எங்கிட்டேருந்து இவளுக்கு என்ன வரும் பெரியம்மா? ஓடிப்போற குணமா? திரும்பி வர்ற குணமா?" என்றான்.

"திரும்பி வர்றதுதான்" என்றேன்.

"சத்தியமா?"

எமரி உள்ளேயிருந்து, "அவ பொய் சொல்லமாட்டா" என்றார்.

ஏப்ரல் 2, வியாழன்

சொல்லிவிட்டேன்.

டெல்பர்ட் விறகு பிளந்துகொண்டிருந்தான். முதலில் அவனிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது; அவனிடமிருந்து எடுக்கிறேன் அல்லவா. பத்தாம் தேதியே சிரித்தாள், என்னால் சிரித்தாள், நான் மறைத்தேன். பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னேன். இருபத்தாறு வருடம் பிள்ளைகளைப் பாடம் ஒப்பிக்க வைத்தவள்.

கோடரியைக் கட்டையில் சாய்த்து வைத்தான்.

"தெரியும்," என்றான். "நீங்கன்னு தெரியாது. மொதல் சிரிப்பு வந்தா குழந்த பயப்படும். அக்கா தங்கச்சி பிள்ளைங்க அஞ்சு பேரப் பாத்திருக்கேன். இவ பயப்படல. பழகின மாதிரி சிரிச்சா. வெர்லீன் எனக்காக ஒளிச்சு வச்சிருக்கான்னு நெனச்சேன். சரி, குடுக்கறத வாங்கிப்போம்னு வாய மூடிக்கிட்டேன்."



"நம்ம ரெண்டு பேர் குணமும் சேந்து வந்தா இவ பெரிய திருடியாயிடுவா," என்றான். "விருந்த நீங்க வைங்க. ஆட்ட நானே வெட்டறேன். நீங்க வெட்டினா கிறிஸ்துமஸ் வந்துடும்."

சிரிக்கவில்லை, சொல்லும்போது. கோடரியை எடுத்துக்கொண்டான். பிறகு, முதுகைக் காட்டியபடி, "அப்படி என்ன செஞ்சீங்க, மறைக்கற அளவுக்கு?"

வண்டியைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

வெர்லீனிடம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். குழந்தையைப் பலகையோடு எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"தெனம் கேட்டேனேம்மா," என்றாள். "தெனம்."

ஏப்ரல் 4, சனி

நாற்பது பேர் இருக்கும். பள்ளிப் பின்கட்டில் நீள மேசை, ஆட்டுக்கறிக் குழம்பு, சோளம், எலோயிஸ் பொரித்த ரொட்டி. டெல்பர்ட் விடியற்காலையிலேயே ஆட்டை வெட்டி, குடலைக் கொழுப்பில் சுற்றிச் சுட்டு வைத்திருந்தான். வெர்லீன் குழந்தையை என் மடியில் வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை.

வரிசை வந்தது. நான் கல்லுப்பை அவள் கையில் வைப்பேன், குட்டி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பேன், வந்தவர் உள்ளங்கையில் உப்பு விழும். டெல்பர்ட்டின் முறை வந்தபோது மூடிய கை திறக்கவில்லை. அவன் கையை நீட்டியபடியே நின்றான். "என் பங்க அமுக்கிடாதடி." விரல் விட்டதும் உப்பை வாயில் போட்டுக்கொண்டு நகர்ந்தான்.

அடுத்தது எலோயிஸ். "சரி, கேக்கவேண்டியதக் கேக்கணுமில்ல? என்ன பண்ணிச் சிரிக்க வச்சீங்க?"

தும்மினேன் என்று சொல்லியிருக்கலாம். பூனை மாதிரி கத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? எமரி வரிசைக் கடைசியில் காகிதத் தட்டோடு நின்றார்.

"எமரி மாதிரி செஞ்சேன்," என்றேன். "வார்த்த வராம நிப்பாரே. அந்த மாதிரி. அவரு அறையில இல்லாதப்போ."

எலோயிஸ் எமரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இங்கே கேலி என்பது நம்மவர் என்று பக்கத்தில் உட்கார வைப்பது. ஒன்பது வருடத்தில் அது எனக்குத் தெரியும். "அப்ப செஞ்சு காட்டுங்க. விருந்து வச்சவங்க காட்டித்தான் ஆகணும்."

"வேண்டாம்."

"காட்டு ஹல்டா," என்றார் எமரி. "நானும் பாக்கறேன்."

விரலைத் தூக்கினேன். வாயைத் திறந்தேன். "அந்த... அந்த..."

சிரித்தார்கள். பாதியில் நின்றுவிட்டது. ஏன் என்று முகங்களைப் பார்த்ததும் புரிந்தது. எல்லாரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் என் உதட்டையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். நான் மறைத்ததாக நினைத்த எதுவும் இந்த ஊரில் மறைந்திருக்கவில்லை. எங்களுக்காக அவர்கள்தான் மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

எமரி மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தார். மற்றவர்கள் நிறுத்தியது தெரிந்ததும் நிறுத்தினார்.

குழந்தை இந்த முறை சிரிக்கவில்லை.

வீட்டுக்கு நான்தான் ஓட்டினேன். பாலம் தாண்டியதும் கேட்டார். "நான் அப்படியா இருக்கேன்?"

"ஆமா."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷமா."

மேய்ச்சல் கம்பிவேலியைப் பார்த்துக்கொண்டே வந்தார். "குழந்த நல்லா சிரிச்சுதா?"

"நல்லா சிரிச்சா."

"நீயும் சிரிச்சியா?"

கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவில்லை நான். "ஆமா," என்றேன். "மூணு தடவ."

ஏப்ரல் 5, ஞாயிறு

மூன்றாவது வசனத்தில் நின்றார். என்னைப் பார்த்தார். என் உதடு தானாக அசையப் போனது, கடித்துக்கொண்டேன். யாரும் இருமவில்லை, யாரும் தலையைக் குனியவில்லை. இவர்களுக்கு மௌனம் சங்கடமில்லை. 

"எனக்கு வரல," என்றார் எமரி. இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். எலோயிஸ் பாட்டை ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 6, திங்கள்

வெர்லீன் குழந்தையைக் கொண்டு வரவில்லை.

ஏப்ரல் 8, புதன்

ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். வெர்லீன். பலகையை என் கையில் கொடுத்தாள். பால் புட்டி, துணி, எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். போகும்போது, "இன்னிக்கு அவகிட்ட மூஞ்சியத் தூக்கி வச்சிக்காதீங்க," என்றாள். அதுவும் தெரிந்திருக்கிறது.

மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. அதைக் கேட்பது அவளிடமிருந்து இன்னொன்றை வாங்கிக்கொள்வது.

டென்வருக்குக் கடிதம் எழுதினேன். இந்தத் தடவை என் பெயரில், என் நடையில். அறிக்கைகளை எழுதியது நான் என்று எழுதினேன். டாக்டரிடம் போகிறோம், பிறகு வேறு ஆளை அனுப்புவதா என்பது உங்கள் முடிவு என்று எழுதினேன். எமரியும் கையெழுத்துப் போடவேண்டும் என்று தோன்றியது. உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். கையை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"எமரிக்குச் சில சமயம் நினைவு தவறுகிறது" என்ற வரி வந்ததும் கையைத் தூக்கினார்.

"சில சமயம்ங்கறத எடுத்துடு."

அந்த இரண்டு சொல்லையும் அடித்துவிட்டேன்.

பேனாவை வாங்கிப் பெயரை எழுதத் தொடங்கினார். பாதியில் பேனா நின்றது. அடுத்த எழுத்து என் நாக்கு நுனியில் இருந்தது. வெளியே டெல்பர்ட் தபாலுக்குப் போக வண்டியைக் கிளப்பிக் காத்திருந்தான். அவசரமில்லை என்று ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினேன். அவன் என்ஜினை அணைத்தான்.